சார்ஜ் மெமோ வந்தால் என்ன செய்வது? புதிய சங்கப் பிரதிநிதிக்கு ஒரு வழிகாட்டி

சார்ஜ் மெமோ என்பது தொழிலாளி மீதான குற்றச்சாட்டை நிர்வாகம் எழுத்தில் தரும் கடிதம். அதன்மேல் ஆலைக்குள் நடக்கும் விசாரணைதான் என்கொயரி. வேலைநீக்கம் வரை போன வழக்கில், தொழிலாளர் நீதிமன்றம் முதலில் பிரித்துப் பார்ப்பது என்கொயரி ஃபைலைத்தான். விசாரணை அறையில் நீங்கள் எவ்வளவு ஆவேசமாக வாதாடியிருந்தாலும், ஃபைலில் ஏறாவிட்டால் பேசாத கணக்கு. அதனால் கீழே சொல்லும் எல்லாப் படியிலும் உங்கள் முக்கிய வேலை, நடந்ததை எழுத்தில் ஏற்றுவது.

படி 1: மெமோவை வாங்கச் சொல்லுங்கள்

வாங்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்பதில் லாபமில்லை. வீட்டுக்குப் பதிவுத் தபாலில் வரும், நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், "வாங்க மறுத்தார்" என்று இன்னொரு குற்றச்சாட்டும் சேரலாம். "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டால் போதும்.

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடு, இதோட முடிச்சிடலாம்" என்று எச்.ஆர். அறையில் சொல்வார்கள். அங்கே உட்கார்ந்து ஒரு வரிகூட எழுத வேண்டாம். "வருந்துகிறேன், இனி நடக்காது" என்ற ஒரு வரி பிறகு ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நிற்கும்.

படி 2: நடந்ததை முழுதாகக் கேளுங்கள்

தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். தப்பே செய்திருந்தாலும் உங்களிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும். தேதி, ஷிப்ட், மெஷின், பக்கத்தில் யார் இருந்தார்கள், பழைய மெமோ ஏதும் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். சிசிடிவி காட்சி முக்கியம் என்றால், அதைப் பாதுகாத்து வைக்கும்படி அன்றே கடிதம் கொடுங்கள். தள்ளிப்போட்டால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். புகார் கொடுத்தவரும் நம் சங்க உறுப்பினர்தான் என்றால், இரண்டு பேருக்கும் ஒரே பிரதிநிதி கூடாது.

படி 3: பதில் கடிதம்

கெடு மெமோவிலேயே இருக்கும். போதாது என்றால் கெடு முடிவதற்குள் எழுத்தில் அவகாசம் கேளுங்கள். பதில் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். குற்றச்சாட்டு வரிசைப்படியே எண் போட்டு, "1-ம் குற்றச்சாட்டை முற்றிலும் மறுக்கிறேன்" என்பது போல எழுதுங்கள். உங்கள் வாதம் முழுவதையும் இங்கேயே கொட்டினால் நிர்வாகச் சாட்சிகள் அதற்கேற்பத் தயாராகி வருவார்கள். மெமோவில் "ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்" என்று மட்டும் இருந்தால் எந்தத் தேதி, எத்தனை மணி, யாரிடம், என்ன வார்த்தை என்று கேட்டு எழுதுங்கள். நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

சஸ்பெண்ட் செய்திருந்தால் பிழைப்பூதியம், அதாவது அந்தக் காலத்தில் வாழ்க்கையை ஓட்டத் தரும் தொகை, உண்டு. முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அதன்பின் 75 சதவீதம். தமிழ்நாட்டின் 1981-ம் ஆண்டுச் சட்டப்படி 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம். ஆனால் இழுத்தடித்தது தொழிலாளிதான் என்று காட்டிவிட்டால் இந்த உயர்வு கிடைக்காது. ஆகவே சும்மா சும்மா வாய்தா கேட்காதீர்கள்.

படி 4: என்கொயரி

உதவிக்கு உங்களை அனுமதிக்கும்படி தொழிலாளி முதல் நாளே கடிதம் கொடுக்க வேண்டும். யார் வரலாம் என்பது ஆலையின் நிலையாணைகளில் (வேலை நிபந்தனை, ஒழுங்கு விதிகளில்) இருக்கும், படித்துவிட்டுப் போங்கள். நிர்வாகத் தரப்பில் சட்டம் படித்தவரை உட்கார வைத்தால் நமக்கும் வக்கீல் வேண்டும் என்று கேட்கலாம். பம்பாய் துறைமுக வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றிருக்கிறது. விசாரணையைத் தமிழில் நடத்தும்படியும் அப்போதே கேளுங்கள்.

அடுத்து குறுக்கு விசாரணை. "இரவு 2.40-க்கு மெஷின் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்" என்று சூப்பர்வைசர் சாட்சி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நீங்கள் சொல்வது பொய்தானே?" என்று கேட்டால் "இல்லை" என்பார், அதுவும் பதிவாகும். பதிலாக, அந்த இரவின் மணிவாரி உற்பத்தித் தாளை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு, சின்னச் சின்னதாகக் கேளுங்கள்:

எங்கே நின்று பார்த்தீர்கள்?
அங்கிருந்து மெஷின் எத்தனை அடி? நடுவில் என்ன இருக்கிறது?
மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா?
2 முதல் 3 மணி வரை எத்தனை பீஸ் வந்திருக்கிறது?
இதை ஷிப்ட் லாக்கில் எழுதினீர்களா?

கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். "ஏன் எழுதவில்லை?" என்று வாய் துறுதுறுக்கும். கேட்டால் "பாவம், புள்ளகுட்டிக்காரர்னு விட்டேன்" என்பார். கையிலிருந்த புள்ளி போய்விடும்.

இன்னொன்று: கிரிமினல் கோர்ட் போல இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும். "ஒரே ஒரு சாட்சிதானே" என்று அசட்டையாக இருக்காமல் நம் தரப்புச் சாட்சியையும் கொண்டுவாருங்கள்.

அன்றன்றைய நடவடிக்கைக் குறிப்பை வரி வரியாகப் படித்த பிறகே தொழிலாளியும் நீங்களும் கையெழுத்திட வேண்டும். சொன்னது விடுபட்டிருந்தால் திருத்தக் கேளுங்கள். மறுத்தால், கையெழுத்துக்கு மேலேயே "எங்கள் கேள்வி எண் 4 பதிவு செய்யப்படவில்லை" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். நகல் வாங்குங்கள். கோபத்தில் வெளிநடப்பு செய்தால் விசாரணை ஒருதலைப்பட்சமாக முடியும். விசாரணை அதிகாரிக்கும் அது வசதிதான்.

படி 5: அறிக்கை வந்த பின்

குற்றம் நிரூபணமானது என்று அறிக்கை வந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். தண்டனைக்கு முன் நகல் தந்து பதில் சொல்ல வாய்ப்பு தர வேண்டும் என்பது 1993-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விதி. எந்தச் சாட்சியத்தை அறிக்கை கண்டுகொள்ளவில்லை என்பதைப் பதிலில் பக்க எண்ணோடு காட்டுங்கள். எத்தனை ஆண்டு சர்வீஸ், இதற்கு முன் தண்டனை உண்டா என்பதையும் சேருங்கள். இதே குற்றத்துக்கு மற்றவருக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

அதற்குப் பிறகும் வேலைநீக்கம் என்றால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு. பழைய தொழில் தகராறு சட்டத்தில் இதற்கு 3 ஆண்டு அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அதை 2 ஆண்டாகக் குறைத்துவிட்டது. மெமோ, பதில், நடவடிக்கைக் குறிப்பு, அறிக்கை, நீக்க உத்தரவு ஆகியவற்றின் நகல்களைத் தேதி வரிசையில் மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.