மலையகத்தில் ஹோர்மோன் பரிசோதனை: காப்புறுதி இல்லாமல் வருபவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்தோ வேறு நாடொன்றிலிருந்தோ வந்து ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் குடியேறுபவர்கள், உடற்சோர்வோ முடி உதிர்வோ மாதவிடாய்க் கோளாறோ கண்டதும் தனியார் ஆய்வுகூடத்துக்குச் சென்று, அங்கே காட்டப்படும் ஹோர்மோன் தொகுப்பு முழுவதற்கும் பணம் கட்டிவிடுவதுண்டு. காப்புறுதி இல்லாத குடும்பத்துக்கு அது பெருஞ்செலவு. அதற்கு முன் அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு வைத்தியரைப் பாருங்கள். இலங்கைக் குடிமக்களுக்கு அங்கே சிகிச்சை இலவசம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களிடம் கட்டணம் அறவிடப்படலாம் என்பதால், பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. எல்லா ஹோர்மோன் பரிசோதனைகளும் எல்லா அரச வைத்தியசாலைகளிலும் செய்யப்படுவதில்லை. வெளியே செய்யச் சொன்னால், எந்தெந்தப் பரிசோதனை வேண்டும் என்பதை வைத்தியரின் கையெழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் கோளாறு என்ற சந்தேகத்துக்குப் பெரும்பாலும் டீ.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்) பரிசோதனை ஒன்றே முதற்படியாகப் போதும். அது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைரொயிட்டுக்கு அனுப்பும் கட்டளை; தைரொயிட் சோர்ந்தால் கட்டளை உயரும், மிகையாகச் சுரந்தால் தாழும். வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இயல்பு என்று பல ஆய்வுகூடங்கள் அச்சிடுகின்றன. உங்கள் அறிக்கையில் 6.2 என்று இருந்து, பக்கத்தில் 'எச்' (எல்லைக்கு மேல்) என்ற குறியும் இருந்தால், அதைக் கண்டவுடன் ஆயுள் முழுவதும் மாத்திரை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. தைரொயிட் சுரக்கும் ஹோர்மோனின் அளவான ஃப்ரீ டீ4 இயல்பாக இருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே வழக்கம். கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பம் தரிக்க முயல்பவர்களுக்கும் இந்தப் பொறுமை பொருந்தாது. அவர்கள் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஊர் மாறி வருபவர்களை அதிகம் பயமுறுத்துவது அலகுதான். சென்னையில் எடுத்த ஃப்ரீ டீ4 அறிக்கையில் 1.2 என்றிருக்கும், இங்கே எடுத்ததில் 15 என்றிருக்கும். முன்னது டெசிலீட்டருக்கு நனோகிராம், பின்னது லீட்டருக்கு பிக்கோமோல், 1.2ஐ 12.87ஆல் பெருக்கினால் 15.4 வருகிறது, ஆகவே ஹோர்மோன் கூடவில்லை. எண்ணைப் பார்க்குமுன் அலகையும், அதே வரியில் அச்சிட்டிருக்கும் இயல்பு எல்லையையும் பாருங்கள். உங்கள் ஊரில் எடுக்கும் இரத்தம் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படலாம். எந்த ஆய்வுகூடம் பரிசோதித்ததோ அதன் எல்லையே கணக்கு. மறுமுறையும் அதே ஆய்வுகூடத்தில் எடுத்தால்தான் மாற்றத்தை நம்பி ஒப்பிட முடியும்.

நேரம் தவறினால் கட்டிய பணம் வீண். ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோனை காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. தோட்டத்திலிருந்து வருபவர்கள் முதல் பஸ்ஸைப் பிடிப்பதே உத்தமம். பெண்களின் சூலகத்தை இயக்கும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் மாதவிடாயின் 2 முதல் 4ஆம் நாளுக்குள்; கருமுட்டை வெளியானதா என்று காட்டும் புரொஜெஸ்டரோன், அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஏழு நாள் முன்பு. தலைமுடிக்கும் நகத்துக்கும் எடுக்கும் பயோட்டின் என்ற விற்றமின் மாத்திரை சில கருவிகளில் தைரொயிட் எண்களைத் தவறாகக் காட்டிவிடும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு இரத்தம் கொடுங்கள்.

ஏற்கெனவே தைரொக்சின் (தைரொயிட் குறைவுக்கான ஹோர்மோன் மாத்திரை) எடுப்பவர்கள், அதை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, காலைத் தேநீருக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். தேயிலை நாட்டில் இது கடினம், ஆனாலும் அவசியம். இரும்புச்சத்து, கல்சிய மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். அளவு மாற்றிய பின் டீ.எஸ்.எச். நிலைகொள்ள ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்கு முன் எடுக்கும் பரிசோதனை பெரும்பாலும் வீண்செலவே.

அறிக்கை ஆங்கிலத்திலும் வைத்தியரின் பேச்சு சிங்களத்திலும் இருக்கக்கூடும். ஆகையால் மூன்று மொழியும் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பழைய அறிக்கைகள் அனைத்தையும் திகதி வாரியாகக் கிளினிக் கொப்பியுடன் சேர்த்து வையுங்கள். டீ.எஸ்.எச். மிகத் தாழ்ந்திருப்பதோடு நெஞ்சு படபடப்பும் மூச்சுத்திணறலும் இருந்தால், கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.