மாசச்சூசெட்ஸில் கொல்லைப்புற மரத்தை வெட்டுமுன்: கன்சர்வேஷன் கமிஷனை அணுகுவது எப்படி?

போன ஏப்ரலில் பக்கத்துத் தெரு நண்பர் போன் செய்தார். "அண்ணா, பின்னாடி நாலு மேப்பிள் மரம் சாய்ஞ்சு நிக்குது. சனிக்கிழமை வெட்ட ஆள் வர்றார். பெர்மிட்டெல்லாம் தேவையில்லைன்னு சொல்லிட்டார். நம்ம இடம்தானே?" அவருடைய வேலிக்கு அப்பால் சேறும் புதருமாக ஒரு பள்ளம் இருப்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஈரநிலத்துக்கு அருகில் என்றால், நம் சொந்த இடத்தில் வேலை செய்யவும் இங்கே கேட்க வேண்டும். ஆளை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அன்று அவருக்கு விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். மரத்துக்கு மட்டுமல்ல, டெக் (வீட்டை ஒட்டிய மரத்தளம்), ஷெட், நீச்சல் குளம், கூடுதல் அறை எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

இந்த மாநிலத்தின் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தை (அத்தியாயம் 131, பிரிவு 40) முதலில் கையாள்வது பாஸ்டனில் இருக்கும் அதிகாரி அல்ல, உங்கள் ஊர் கன்சர்வேஷன் கமிஷன். 3 முதல் 7 பேர், சம்பளமில்லாத ஊர்க்காரர்கள். 1957-ல் வந்த சட்டம் இந்தக் கமிஷன்களுக்கு வழிவிட்டது. பல ஊர்களில் இவர்களுக்கு உதவியாகச் சம்பளத்துக்கு ஒரு ஏஜென்ட் இருப்பார். நீங்கள் முதலில் பேச வேண்டியவர் அவர்தான்.

படி 1: ஈரம் எங்கே முடிகிறது என்று பாருங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நம்மூர் ஏரிக்குக் கரை உண்டு; கரைக்கு உள்ளே ஏரி, வெளியே வயல். இங்கே அப்படிக் கரை கிடையாது. தண்ணீரே கண்ணில் படாத இடம்கூடச் சட்டப்படி ஈரநிலமாக இருக்கலாம். செடியையும் மண்ணையும் பார்த்துத்தான் எல்லையை முடிவு செய்கிறார்கள். வசந்த காலத் தொடக்கத்தில் ஸ்கங்க் கேபேஜ் என்ற அகன்ற இலைச் செடி கூட்டமாக முளைத்தால் சந்தேகமே வேண்டாம், அது ஈர மண். செம்மேப்பிள் நிறைய நின்றாலும் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

அந்த எல்லையிலிருந்து 100 அடி வரை தாங்கல் பகுதி (பஃபர் ஜோன்); அதற்குள் செய்யும் வேலைக்கும் கமிஷனைக் கேட்க வேண்டும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறோ ஓடையோ அருகில் இருந்தால் 200 அடி. பாஸ்டன், கேம்பிரிட்ஜ், லோவல், வூஸ்டர் போன்ற நெருக்கமான நகரங்களில் மட்டும் 25 அடி. அளப்பது உங்கள் வேலியிலிருந்து அல்ல. ஈரநிலம் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தாலும் தாங்கல் பகுதி உங்கள் புல்தரைக்குள் வந்து நிற்கும்.

வீட்டிலிருந்தே பார்க்க மாஸ்மேப்பர் என்ற மாநில அரசின் இணைய வரைபடம் இருக்கிறது. முகவரியைப் போட்டு, ஈரநிலங்களைக் காட்டும் அடுக்கை (லேயர்) இயக்குங்கள். அது உத்தேசம்தான். வரைபடத்தில் ஒன்றும் இல்லை என்பதால் தரையிலும் இல்லை என்று ஆகிவிடாது. வசந்தத்தில் நிரம்பி கோடையில் வற்றும் சிறு குட்டைகளும் உண்டு. மரத்தவளையும் புள்ளி சாலமாண்டரும் (பல்லி போன்ற உருவமுள்ள, தவளை இனத்துக்கு நெருங்கிய உயிர்) முட்டையிடுவது அவற்றில்தான். ஆகஸ்டில் பார்த்தால் வெறும் சருகுப் பள்ளம்.

படி 2: ஏஜென்டுக்கு ஒரு மின்னஞ்சல்

நாலைந்து படம், எத்தனை மரம், ஏன் வெட்ட வேண்டும், இவ்வளவு போதும். பட்டுப்போன மரம், வீட்டின் மேல் சாயும் மரம் என்றால் பல ஊர்களில் நேரில் வந்து பார்த்துச் சுலபமாக முடித்துவிடுகிறார்கள். உடனடி ஆபத்து என்றால் அவசரச் சான்று வாங்க வழி உண்டு. மரம் தெருவோரப் பொது இடத்தில் நின்றால் அது வேறு கதை: ட்ரீ வார்டன் என்ற அலுவலரைக் கேட்க வேண்டும்.

மாநிலச் சட்டத்துக்கு மேல் பல ஊர்கள் கடுமையான விதிகளும் வைத்திருக்கின்றன. அடுத்த ஊரில் இருக்கும் மச்சான் கேட்காமல் டெக் போட்டார் என்பதெல்லாம் உங்கள் ஊரில் செல்லாது.

படி 3: சிறிய விண்ணப்பம்

"இந்த வேலைக்குச் சட்டம் பொருந்துமா?" என்று கேட்கும் விண்ணப்பம் இது. சுருக்கமாக ஆர்.டி.ஏ. என்பார்கள். மாநிலக் கட்டணம் இல்லை. கமிஷன் 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் நெகட்டிவ் என்று வந்தால் பதறாதீர்கள். கோவிட் டெஸ்ட் மாதிரி, நெகட்டிவ்தான் நல்ல செய்தி. பெரிய விண்ணப்பம் தேவையில்லை என்று பொருள். பாசிட்டிவ் வந்தால்தான் வேலை கூடும்.

நண்பருக்கு நெகட்டிவ்தான் வந்தது, இரண்டு நிபந்தனைகளோடு: மரத்தை வெட்டலாம், அடிக்கட்டையைத் தோண்டக் கூடாது, பதிலுக்கு இந்த மண்ணுக்குரிய புளூபெர்ரிப் புதர்களை நட வேண்டும். அடிக்கட்டையும் வேரும் மண்ணைப் பிடித்து நிற்பதால் அந்த நிபந்தனை நியாயமானது என்றே எனக்குத் தோன்றியது. அவருக்கு அந்தக் கட்டைகளைப் பார்த்தால் இன்னும் எரிச்சல்.

படி 4: பெரிய விண்ணப்பம்

கூடுதல் அறை, நீச்சல் குளம் போன்றவை பெரும்பாலும் இங்கே வந்து நிற்கும். பெயர் நோட்டீஸ் ஆஃப் இன்டென்ட். ஈரநில நிபுணர் வந்து எண்ணிட்ட வண்ண நாடாக்களால் எல்லை குறிப்பார், வரைபடம் போட வேண்டும், கட்டணம் உண்டு, 100 அடிக்குள் இருக்கும் அண்டை வீட்டாருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். (கடிதம் போகுமுன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். பாதி ஆட்சேபம் அங்கேயே கரைந்துவிடும்.) பிறகு விசாரணைக் கூட்டம். அதில் வாதாட வேண்டாம், கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பது சகஜம் என்பதால், கட்டட ஆளுக்கு முன்கூட்டியே தேதி கொடுத்துவிடாதீர்கள்.

விசாரணை முடிந்து 21 நாளுக்குள் நிபந்தனைகளுடன் உத்தரவு வரும். வந்த மறுநாளே மண்வெட்டியைத் தூக்கக் கூடாது. மேல்முறையீட்டுக்கான 10 வேலை நாள் கழிய வேண்டும். உத்தரவைப் பத்திரப் பதிவகத்தில் பதிய வேண்டும். கோப்பு எண் எழுதிய பலகையை இடத்தில் நட வேண்டும். மண் வழிந்து போகாமல் வைக்கோல் உருளைகளை வைத்த பிறகுதான் வேலை. உத்தரவு பொதுவாக 3 ஆண்டு செல்லும்.

கேட்காமல் செய்து மாட்டினால், சட்டப்படி அபராதம் 25,000 டாலர் வரை போகலாம். ஒவ்வொரு நாளும் தனிக் குற்றம். நடைமுறையில் முதலில் வருவது வேலையை நிறுத்தி, இடத்தைப் பழையபடி ஆக்கு என்ற உத்தரவுதான். வெட்டிய மேப்பிளை எப்படிப் பழையபடி ஆக்குவது!

படி 5: வேலை முடிந்ததும்

இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். படிவம் 8ஏ-யை நிரப்பிக் கொடுத்து, நிபந்தனைப்படி முடித்ததற்கான சான்றிதழ் வாங்கி, அதையும் பத்திரப் பதிவகத்தில் பதிந்துவிடுங்கள். இல்லையென்றால் பத்து வருடம் கழித்து வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அந்தப் பழைய உத்தரவைத் தோண்டி எடுப்பார். அந்த நேரத்தில் அடுத்த கமிஷன் கூட்டம் எப்போது என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.