மலையா கடலா, எது முதலில்? அருவியும் டைவிங்கும் ஒரே டூரில் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். சாமி 1981லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார், பாலாறும் 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடிக் காட்டியது, ஆனால் தண்ணீரைக் கண்டால் எங்களுக்கு வருகிற வெறி மட்டும் இன்னும் தணியவில்லை. அமிர்தி அருவியில் நாலு சொட்டு விழுந்தாலே வண்டியைக் கிளப்புகிறவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஆட்கள் காசு சேர்த்து இலங்கைக்கோ பாலிக்கோ அந்தமானுக்கோ போனால் என்ன செய்வோம்? நாலு நாளில் ஆறு அருவி, மூன்று டைவ், நடுவில் ரிசார்ட் நீச்சல் குளம் என்று எல்லாவற்றையும் திணித்து ஒரு அட்டவணை போடுவோம். நானும் அப்படித்தான் போட்டேன், அதாவது ஏஜென்ட் போட்டுக் கொடுத்ததற்குத் தலையாட்டினேன்.

நாங்கள் ஐந்து பேர், திருகோணமலை. காலையில் ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் டைவிங், மதியச் சாப்பாடு, உடனே வேனில் ஏறி இரவு நுவரெலியா, மறுநாள் அருவிகள். அட்டவணையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிலிண்டரைத் தூக்கிப் படகில் வைத்துக்கொண்டிருந்த இன்ஸ்ட்ரக்டர் பேச்சுவாக்கில், "பின்னேரம் எங்க போறீங்கள்?" என்று கேட்டார். நுவரெலியா என்று பெருமையாகச் சொன்னோம். கையில் இருந்த பெல்ட்டைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப இன்டைக்குக் கடலுக்குள்ள இறங்க ஏலாது. இல்லையெண்டா மலைக்கு நாளைக்குப் போங்க. ரெண்டும் ஒரே நாளில நான் விடமாட்டன்."

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். டைவிங் முடித்து விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். மலை ஏறக்கூடாது என்பது தெரியாது. காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான். தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றில் இருக்கிற நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் வழக்கத்தைவிட அதிகமாகக் கரைந்துவிடும். மேலே வந்த பிறகு அது மெதுவாக, மணிக்கணக்கில், மூச்சு வழியாக வெளியேறும். அதற்குள் நீங்கள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் கோலி சோடாவில் கோலியை அமுக்கின மாதிரிதான், கரைந்திருந்தது குமிழாகக் கிளம்பும். மூட்டு வலியோடு போனால் அதிர்ஷ்டம். முதுகுத் தண்டிலோ மூளையிலோ குமிழ் வந்தால் பக்கவாதம் வரைக்கும் போகும்.

விமானத்துக்குள் நாம் உணரும் அழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் நிற்பது மாதிரி. நுவரெலியாவின் உயரம் 1,868 மீட்டர். அதாவது டைவ் முடித்து வேனில் நுவரெலியா போவதும் விமானத்தில் ஏறுவதும் உடம்புக்கு ஒன்றுதான், வேனில் ஜன்னலைத் திறக்கலாம் என்பதைத் தவிர. டைவிங் கணக்கில் 300 மீட்டருக்கு மேலே போனாலே அது மலைப்பகுதிதான். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் அல்லது தொடர்ந்து சில நாள் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கே வேண்டாம். வெளிநாட்டுக்குத்தான் இது என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரியில் டைவ் அடித்துவிட்டுச் சாயந்திரமே ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ரிசார்ட்டில் தூங்குகிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள், ஏலகிரியும் 1,000 மீட்டரைத் தொடுகிற மலைதான்.

ஆகவே அட்டவணை போடும்போது மலையும் அருவியும் முதலில், கடல் அப்புறம், கடலுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு சோம்பல் நாள். ஏஜென்ட் கிலோமீட்டரைப் பார்த்துத்தான் வரிசை போடுவார், உங்கள் ரத்தத்தில் என்ன கரைந்திருக்கிறது என்று அவர் பார்க்கமாட்டார். பாலியில் துலாம்பென் கடற்கரையில் லிபர்ட்டி என்ற கப்பல் மூழ்கிக் கிடக்கிறது, கரையிலிருந்தே இறங்கிப் பார்க்கலாம். அதை முடித்துவிட்டு அப்படியே முண்டுக் அருவிகளுக்கு மலை ஏறுகிற பேக்கேஜ் கொடுத்தால், வரிசையைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். அந்தமானில் மலைப் பிரச்சினை இல்லை, ஆனால் ஹேவ்லாக்கில் (பெயர் மாறி இப்போது சுவராஜ் தீவு) கடைசி நாள் காலையில் டைவ், மதியம் கப்பல், சாயந்திரம் சென்னை விமானம் என்று போடுகிறவர்கள் ஏராளம். கடல் கொந்தளித்தால் அந்தக் கப்பலும் ரத்தாகும். மாலத்தீவில் விமானக் கணக்கு மட்டும்தான், மலைத் தலைவலி கிடையாது, ஏனென்றால் அங்கே மலையே இல்லை, அருவியும் இல்லை. "மாலத்தீவில் எந்த அருவி நல்லா இருக்கும்?" என்று என்னைக் கேட்டவர்கள் இருவர்.

அடுத்து, மாதம். நமக்கு லீவு மே மாதம், எனவே மே மாதம்தான் போவோம், அங்கே என்ன காலம் என்று பார்ப்பதில்லை. இலங்கையின் கிழக்குக் கரையான திருகோணமலையில் மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. அதே நேரம் மேற்கே ஹிக்கடுவையில் கடல் கலங்கிக் கிடக்கும், அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். அந்தமானுக்கு டிசம்பரிலிருந்து ஏப்ரல், மே பாதியைத் தாண்டினால் மழை. பாலியில் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மழை குறைவு. அருவிக்கோ கணக்கு தலைகீழ், மழை இல்லாவிட்டால் பாறையைத்தான் பார்க்கலாம். திருப்பத்தூர் ஜலகாம்பாறைக்கு ஏப்ரலில் போய் ஏமாந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் நிறைய வந்தால் அது வேறு ஆபத்து. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அருவிக்குக் கீழே நிற்கிறவனுக்கு மேலே மலையில் பெய்யும் மழை தெரியாது. அவன் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சலின் குரல் மாறினால், செருப்பைத் தேடாமல், செல்போனைத் தேடாமல் பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏறிவிட வேண்டும். ஓடை போகிற திசையிலேயே ஓடுவதுதான் பயத்தில் எல்லோரும் செய்வது, வெள்ளமும் அந்த வழியில்தான் வரும்.

கிணற்றில் நீச்சல் கற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் பலரும் அப்படித்தான், நானும் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் சித்தப்பா வீட்டுக் கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்றவன்தான். மோட்டார் கொட்டகை மேலிருந்து குதிப்போம், அந்தத் தைரியத்தில்தான் அருவித் தடாகத்திலும் குதிக்கத் தோன்றுகிறது. நம் கிணறு எத்தனை மட்டம் ஆழம் என்று நமக்குத் தெரியும், எந்தப் பக்கம் படி இருக்கிறது என்றும் தெரியும். தடாகத்தில் போன மழைக்கு உருண்டு வந்த பாறை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உள்ளூர்க்காரனுக்கே தெரியாது. 10 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். வெறும் 3 மீட்டருக்கே 27 கிலோமீட்டர் வரும், தலைகீழாகப் பாய்ந்து அடியில் பாறையில் மோதினால் கழுத்தெலும்புக்கு அது போதும். இன்னொன்று, அருவி விழுகிற இடத்தில் வெள்ளையாக நுரைக்கிறதே, அது காற்று கலந்த தண்ணீர், கனம் குறைவு, கிணற்றுத் தண்ணீர் மாதிரி உங்களை மிதக்கவிடாது. நல்ல நீச்சல்காரனும் அதில் கீழே போவான். விழுகிற நீர் வேறு அடிக்கு இழுக்கும். நுரையைத் தாண்டி, தெளிந்த தண்ணீரில் இருங்கள். காலுக்குத் தோல் செருப்பு வேண்டாம் (ஆம்பூர் ராணிப்பேட்டைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்), பாசி படிந்த பாறையில் அது வழுக்கும், ரப்பர் செருப்பு காலை விட்டே போய்விடும். பிடிமானமுள்ள அடிப்பாகமும் பின்பட்டையும் இருக்கிற சாண்டல் சரி. ஜீன்ஸ் நனைந்தால் காலில் கட்டின கல்.

சரி, கடலுக்கு வருவோம். டைவிங்குக்கு முன்னால் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், சர்க்கரை, கர்ப்பம், காது அறுவை சிகிச்சை என்று வரிசையாகக் கேள்வி. ஆமாம் என்று எழுதினால் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள், அந்தத் தீவில் டாக்டரை எங்கே தேடுவது என்று நம்மாட்கள் எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். நாடு முழுக்க இருந்து ஜனங்கள் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு ரயிலேறி வருகிற ஊரில் இருந்துகொண்டு, கிளம்புவதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்துக் கேட்டுவர நமக்கு நேரமில்லை! ஆஸ்துமா கேள்வி சும்மா இல்லை. நுரையீரலில் காற்று சிக்கிக்கொண்டால், 10 மீட்டர் ஆழத்தில் இருந்த அதே காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை எந்த நிலையிலும் அடக்காதே என்பதுதான் ஸ்கூபாவின் முதல் விதி, அதுவும் இதனால்தான். கிணற்று நீச்சல்காரர்கள் தப்பு செய்வதும் இங்கேதான், தண்ணீருக்குள் போனால் மூச்சை அடக்கித்தானே நமக்குப் பழக்கம்?

சளி பிடித்திருந்தால் இறங்காதீர்கள். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குகிறவர்கள் உண்டு, அடியில் இருக்கும்போது மாத்திரையின் வேகம் குறைந்தால் மேலே வரும்போது காதும் சைனஸும் அடைத்துக்கொள்ளும், மேலே வராமலும் இருக்க முடியாது. காது வலித்த பிறகு மூக்கைப் பிடித்து ஊதுவதும் தவறு, வலிக்கும் முன்பே, முதல் மீட்டரிலிருந்தே, மெதுவாக ஊதிக்கொண்டே இறங்க வேண்டும். என் மச்சான் அதைச் சரியாகத்தான் செய்தான், அவனுக்கு வந்த தொல்லை மீசையால். எங்கள் பக்கத்து மீசைக்குக் குறைவில்லாத மீசை. மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் தோலோடு ஒட்ட வேண்டும், மயிர் இருந்தால் அந்த இடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மூன்று மீட்டரில் கண் வரைக்கும் உப்புத் தண்ணீர், கையை ஆட்டி மேலே வந்துவிட்டான். இன்ஸ்ட்ரக்டர் வாஸ்லைன் டப்பாவை எடுத்து மீசையில் பட்டையாகத் தடவிவிட்டார், கசிவு பாதி குறைந்தது. மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்துக்கொண்டால் முழுக்க நிற்கும் என்றார், அதற்கு அவன் இன்றுவரை சம்மதிக்கவில்லை.

பயிற்சி இல்லாதவர்களை முதல் டைவில் 12 மீட்டருக்கு மேல் கொண்டுபோகக் கூடாது, 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அந்த டைவுக்கு அழைத்துப்போகக் கூடாது. அதற்கு மேல் ஆழம் காட்டுகிறேன் என்று ஒருவர் ஆசை காட்டினால் வேறு ஆளைப் பாருங்கள். மட்டக்களப்புப் பக்கம் 1942ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கிறது, யூடியூபில் பார்த்துவிட்டு அதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பல ஆண்டுகள் பழகினவர்களுக்கான இடம். முதல் டைவில் கேமராவும் வேண்டாம், ஒரு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் காதைக் கவனிக்க முடியாது. படத்தை அவர்களே எடுத்துத் தருவார்கள். பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள், அந்தமானில் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பயணக் காப்பீடு எடுப்பவர்கள் விலையை மட்டும் பார்க்கிறார்கள். ஸ்கூபா அதில் சேர்கிறதா, எத்தனை மீட்டர் வரை, குமிழ் வந்து, காற்றழுத்தம் கூட்டின அறையில் வைத்துச் சிகிச்சை தந்தால் அந்தச் செலவைத் தருவார்களா, இந்த மூன்றையும் எழுத்தில் பாருங்கள். அப்புறம் சாப்பாடு. காலையில் படகேறும் முன் பிரியாணி வேண்டாம், இட்லியோ வாழைப்பழமோ போதும், தண்ணீர் நிறைய. முதல் நாள் இரவு சரக்கு அடித்தவர்களுக்கு உடம்பில் நீர் வற்றியிருக்கும், அதுவும் அந்தக் குமிழ் நோய்க்கு வாசல் திறப்பதுதான்.

எங்கள் கதையை முடிக்கவில்லை. கடலா மலையா என்று படகில் உட்கார்ந்தே கால் மணி நேரம் சண்டை. கடைசியில் கடல் ஜெயித்தது, நுவரெலியாவில் அன்றிரவு அறைக்குக் கட்டின முன்பணம் போனது. மறுநாள் முழுக்க வேலை இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போகலாமா, அதுவும் மலைமேல்தானே என்று பயந்துபோய் இன்ஸ்ட்ரக்டருக்கு போன் போட்டோம், சிரித்துவிட்டு, "அது கடலுக்குப் பக்கத்தில சின்னப் பாறை, தாராளமாப் போங்க" என்றார். அங்கிருந்து கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறு என்றதும் மச்சான் சட்டையைக் கழற்றிக்கொண்டே வேனிலிருந்து இறங்கினான். போய்ப் பார்த்தால் ஏழும் சின்னச் சின்னத் தொட்டி மாதிரி, வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். மீசையில் வாஸ்லைன் அப்போதும் போகவில்லை.