தூங்குமூஞ்சி மரத்தில் கயிறு போட்டு ஏறுவது: பிளேக் முடிச்சில் நான் தவறவிட்ட ஒரு வளைவு

பினாங்கில் கிளை கழிக்கும் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் பலர், ஏணியை அடிமரத்தில் சாய்த்து, ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அறுப்பதைத்தான் முதலில் பழகுகிறார்கள். செபராங் பிறைத் தோட்டமொன்றில் கள் இறக்கிய என் தாத்தாவுக்குத் தளைநாரும் பாளைக்கத்தியும் போதுமானவையாக இருந்தன. ஆனால் தென்னைக்குக் கிளை கிடையாது. தூங்குமூஞ்சி மரத்தின் அடியை இரு கைகளால் அணைக்கவே முடியாது; வேலையோ அடிமரத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி, கிளையின் நுனிப்பக்கம் இருக்கும். அங்கே போய் நின்று இரு கைகளாலும் வேலை செய்ய வேண்டுமென்றால், உடம்பின் எடையைக் கயிறு தாங்க வேண்டும்.

தலைக்கவசம், ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்க்கச்சை) ஆகியவற்றை உங்கள் உடலளவுக்குப் பொருத்திப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கயிற்றைப் பற்றி மட்டும் என் கருத்தை அழுத்திச் சொல்கிறேன். பாறை ஏறுவோர் பயன்படுத்தும் மீள்கயிறு இந்த வேலைக்கு ஆகாது. ஒவ்வோர் இழுப்பிலும் அது நீண்டு கொடுக்கும். மரம் ஏறுவதற்கென்றே பின்னப்பட்ட, நீட்சி குறைந்த, 13 மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிற்றை வாங்குங்கள். அதைவிட மெல்லிய கயிறுகள் எடை குறைந்தவைதாம். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த கைக்குத் தடித்த கயிறுதான் பிடி கொடுக்கும். கயிறு மேலே போய்த் திரும்பிக் கீழே வரவேண்டும் என்பதால், 20 மீட்டர் உயரத்தில் தாங்கு கிளை இருந்தால் 45 மீட்டர் கயிறாவது வேண்டும். காராபினர் (கயிற்றை ஹார்னஸில் இணைக்கும் உலோகக் கொக்கி), மூன்று அசைவுகளுக்குப் பிறகே திறந்து தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். முள்காலணியை வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்துக்கு மட்டும் அணியுங்கள். உயிரோடு நிற்கப்போகும் மரத்தில் அது இடும் ஒவ்வொரு துளையும் பூஞ்சை நுழையும் வாசலாகிவிடும்.

முதலில் மரத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். அடியில் காளான், மேலே பட்டுப்போன கிளை, குளவிக்கூடு, தேனடை, இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறுக்கூடு, அருகே மின்கம்பி ஆகியவற்றில் எது கண்ணில் பட்டாலும், கயிற்றை எடுக்கும் முன்பே அதற்கு ஒரு முடிவு செய்துவிட வேண்டும்.

அடுத்தது எறிகயிறு, அதாவது ஏறும் கயிற்றைக் கிளையின்மேல் இழுத்துப் போட உதவும் மெல்லிய கயிறு. ஏறக்குறைய 340 கிராம் எடையுள்ள சிறு பையை மெல்லிய கயிற்றில் கட்டி, அடிமரத்தை ஒட்டிய கவட்டின் வழியே எறிய வேண்டும். பெரிய கவண் வைத்து எறிவோரும் உண்டு. பழகும் காலத்தில் கையால் எறிவதையே நான் விரும்புவேன், ஏனெனில் எந்தக் கவட்டில் விழுந்தது என்பது கைக்குத் தெரியும். தாங்கு கிளை பச்சையாக, குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமனுடன் இருக்கட்டும். தூங்குமூஞ்சி மரக் கவடுகளில் பெரணிகள் கூடை கூடையாக வளர்ந்திருக்கும். கயிறு அவற்றுக்குள் புதைந்துவிட்டால் அது கிளையின்மேல் கிடக்கிறதா, பெரணியின்மேல் கிடக்கிறதா என்று கீழிருந்து சொல்ல முடியாது. அப்படியானால் தயங்காமல் உருவிவிட்டு மறுபடி எறியுங்கள். ஏறும் கயிறு பட்டையை அறுக்காமல் இருக்க, இரு முனைகளிலும் வளையம் உள்ள வாரை எறிகயிற்றின் உதவியால் கிளையில் ஏற்றி, அந்த வளையங்களுக்குள் கயிற்றைச் செலுத்துவது நல்லது.

இனி பிளேக் முடிச்சு: எடை விழுந்தால் ஏறும் கயிற்றை இறுகப் பிடிக்கும், கையால் தள்ளினால் நகரும். ஏறும் கயிற்றின் முனையை ஹார்னஸில் இணைத்துவிடுங்கள். அதே தடிமனில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் துண்டுக் கயிறு ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையையும் ஹார்னஸில் கட்டுங்கள். ஏறும் கயிற்றின் முனையிலேயே முடிச்சைப் போடுவோரும் இருக்கிறார்கள். துண்டு தேய்ந்தால் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் நான் துண்டைத்தான் பரிந்துரைப்பேன். மறுபுறம் தொங்கும் கயிற்றின்மேல் இடது கட்டைவிரலை வையுங்கள். துண்டின் முனையால் கீழிருந்து மேலாக, விரலையும் சேர்த்து இரண்டு சுற்று, அதற்கு மேலே கயிற்றை மட்டும் இரண்டு சுற்று சுற்றுங்கள். பிறகு முனையைக் கீழே கொண்டுவந்து, ஹார்னஸிலிருந்து வரும் துண்டின் காலுக்கு முன்புறமாகக் கடத்தி, ஏறும் கயிற்றின் பின்புறம் வளைத்து, விரல் இருந்த இடைவெளி வழியே வெளியே இழுங்கள். மீந்த வாலில் எட்டு வடிவ முடிச்சு ஒன்றைப் போட்டு, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்காக இறுக்குங்கள்.

நான் சறுக்கியது அந்த "முன்புறமாகக் கடத்தி" என்ற இடத்தில்தான். ஆயிர் ஈத்தாமில் ஒரு வீட்டு வளாகத்தில், மழை வருமுன் முடிக்கும் அவசரத்தில், துண்டின் காலைக் கடக்காமலேயே முனையை உள்ளே நுழைத்துவிட்டேன். நான்கு சுற்றும் கண்ணுக்கு ஒழுங்காகவே தெரிந்தன. முடிச்சு இறுகவும் செய்தது. தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் முழு எடையையும் போட்டு ஒருமுறை குலுக்கியபோது அது வழுக்கி, நான் புல்லில் உட்கார்ந்தேன். சோதிக்காமல் மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது. துண்டின் காலை வால் அழுத்திப் பிடிக்காவிட்டால் அது பிளேக் முடிச்சே இல்லை. தோற்றத்தில் மட்டும் அதைப் போன்ற வேறொன்று.

ஆகவே இரண்டு சோதனைகளைத் தவறாமல் செய்யுங்கள். கயிற்றின் இரு கால்களையும் சேர்த்துப் பிடித்து இருவர் தொங்கிக் கிளையைச் சோதிக்க வேண்டும். பிறகு தாழ்வான உயரத்தில் நீங்கள் மட்டும் தொங்கி, குலுங்கி, முடிச்சைச் சோதிக்க வேண்டும்.

ஏறும்போது இடுப்பை மேலே உந்தி, அதே நொடியில் முடிச்சுக்குக் கீழே உள்ள கயிற்றை இழுத்து, முடிச்சை மேலே தள்ளுங்கள். ஒரு மீட்டர் ஏறுவதற்கு இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டியிருக்கும்; கை மட்டும் உழைத்தால் பாதி உயரத்திலேயே சோர்ந்துவிடும். இறங்கும்போது முடிச்சின் தலையில் கைவைத்து மெதுவாக அழுத்துங்கள். வேகமாக இறங்கினால் உராய்வுச் சூட்டில் நார் உருகி முடிச்சின் உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கும். அப்படிப் பளபளத்த துண்டை அன்றே கழித்துவிடுங்கள். செயின்சாவை மேலே முடுக்குமுன், ஏறும் கயிற்றோடு இடுப்பு லேன்யார்டையும் (ஹார்னஸில் மாட்டும் குட்டைப் பிடிகயிறு) மரத்தைச் சுற்றிப் பூட்டி, இரண்டு பிடிப்பு இருப்பதை உறுதிசெய்யுங்கள். லேன்யார்டுக்குள் எஃகுக் கம்பி இருந்தாலும் செயின்சா அதை அறுத்துவிடும்.

பின்சேர்க்கை: கழிப்பதோடு நிற்காமல் மரத்தையே வெட்டலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். 1976 ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைச் சாய்க்க உள்ளூர் திட்டமிடல் அதிகாரத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பட்டுப்போன மரம் போன்ற விதிவிலக்குகளும் உண்டு என்பதால், வேலையை ஒப்புக்கொள்ளுமுன் மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: பட்டர்வொர்த்திலிருந்து எழுதிய இடதுகைப் பழக்கமுள்ள தம்பி ஒருவர், படங்களைப் பார்த்துக் கட்டினால் முடிச்சு எப்போதும் தலைகீழாக வருவதாகச் சொன்னார். சுற்றும் திசை வலமா இடமா என்பது பொருட்டல்ல. கண்ணாடியில் தெரிவதுபோல் முழுவதையும் மாற்றிக் கட்டலாம். கட்டி முடித்ததும் முடிச்சை முன்பக்கமிருந்து பாருங்கள். துண்டின் காலுக்குமேல் வால் குறுக்காகப் படுத்திருந்தால் ஏறலாம். கால் மறைவின்றி நேராக இறங்கினால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.