ஒரே ஆப்ஜெக்ட், இரண்டு பெயர்கள்: ஏலியாசிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஆப்ஜெக்டை நீங்கள் தொடவே இல்லை, ஆனாலும் அதன் மதிப்பு மாறிப்போயிருக்கிறது. இப்படிப்பட்ட பக்கைத் தேடுவது பெரும் அலுப்பு. பிழை வெளியே தெரிகிற வரி ஓரிடத்தில் இருக்கும், அதை உண்டாக்கிய வரி வேறொரு ஃபைலில் இருக்கும். பல நேரங்களில் காரணம் ஏலியாசிங்தான். அதாவது, ஒரே ஆப்ஜெக்டை இரண்டு பெயர்கள் வழியாக எட்ட முடிகிற நிலை.

பகிர்வது மட்டும் தவறில்லை. யாருமே மாற்ற முடியாத ஆப்ஜெக்டை எத்தனை பேர் வைத்திருந்தாலும் ஆபத்தில்லை. ஜாவாவின் ஸ்ட்ரிங் அப்படிப்பட்டது. பகிர்தலும் மாற்றுதலும் ஒன்றுசேர்ந்து, இது யாருக்குச் சொந்தம் என்று யாரும் முடிவு செய்யாமல் விடும்போதுதான் வினை.

முதல் தவறு, சமன்குறி போட்டால் நகல் கிடைத்துவிடும் என்று நினைப்பது. பைத்தானில் வேரியபிளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம் என்பதால் இதை அப்படியே எழுதிப் பார்க்கலாம்:

பட்டியல் = [1, 2, 3]
நகல் = பட்டியல்
நகல் += [4]

இப்போது பட்டியலும் [1, 2, 3, 4] ஆகிவிட்டது. இரண்டாவது வரி நகல் எதையும் எடுக்கவில்லை, இருக்கிற லிஸ்டுக்கே இன்னொரு பெயர் வைத்தது. மூன்றாவது வரியை இப்படி மாற்றிப் பாருங்கள்:

நகல் = நகல் + [4]

இந்த முறை பட்டியல் அப்படியே இருக்கும். கூட்டல் புதிய லிஸ்டை உருவாக்கி, நகல் என்ற பெயரை அதன் பக்கம் திருப்பிவிடுகிறது. முதல் வடிவமோ இருக்கிற லிஸ்டையே அதன் இடத்தில் நீட்டுகிறது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு வரிகள், விளைவு முற்றிலும் வேறு. பெயரைத் திருப்புகிறோமா, ஆப்ஜெக்டை மாற்றுகிறோமா என்ற கேள்வியை ஒவ்வொரு வரியிலும் கேட்கப் பழகுவதுதான் இதற்கு மருந்து.

இதே குணத்தால் வருவதுதான் கட்டத் தவறும்:

கட்டம் = [[0] * 3] * 3
கட்டம்[0][0] = 7

ஒரு மூலையில்தானே 7 வர வேண்டும்? வருவது [[7, 0, 0], [7, 0, 0], [7, 0, 0]]. வெளியே உள்ள பெருக்கல் மூன்று வரிசைகளை உருவாக்கவில்லை. ஒரே வரிசையை மூன்று முறை சுட்டுகிறது. ஒவ்வொரு வரிசையையும் லூப்புக்குள் தனித்தனியாக உருவாக்குங்கள். ஃபங்ஷனின் டிஃபால்ட் மதிப்பாகக் காலி லிஸ்ட் கொடுப்பதும் இதே ரகம்: அந்த லிஸ்ட் ஒரே ஒருமுறைதான் பிறக்கிறது, எல்லா அழைப்புகளும் அதையே பகிர்கின்றன.

ஜாவா பக்கம் வந்தால், மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டை அப்படியே வெளியே கொடுப்பது. ஃபீல்டுக்கு பிரைவேட் என்று போட்டாயிற்று, கெட்டர் மெதட் எழுதியாயிற்று, சரி, பாதுகாப்பாகிவிட்டது என்று தோன்றும். அந்த கெட்டர் உள்ளே உள்ள லிஸ்டின் ரெஃபரன்ஸை, அதாவது அந்த லிஸ்டையே சுட்டும் முகவரியைத் திருப்பிக் கொடுத்தால், பிரைவேட் என்பது பெயரளவுக்குத்தான். ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே இது நடந்திருக்கிறது. 1997-இல் வந்த ஜேடிகே (ஜாவாவின் டெவலப்மென்ட் கிட்) 1.1-இல், ஒரு கிளாஸில் கையொப்பமிட்டவர்கள் யார் என்று சொல்லும் மெதட், தன் உள் அரேயையே தூக்கிக் கொடுத்தது. அதை வாங்கிய ஆப்லெட் (பிரவுசருக்குள் ஓடும் சிறு ஜாவா புரோகிராம்), அரேயில் நம்பகமான வேறொருவரின் பெயரை எழுதித் தன் அனுமதிகளை உயர்த்திக்கொள்ள வழி இருந்தது. தீர்வு என்னவோ மிக எளியது: அரேயின் நகலைக் கொடுத்தால் போதும்.

உள்ளே வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். கன்ஸ்ட்ரக்டருக்கு வந்த லிஸ்டை நகல் எடுக்காமல் வைத்துக்கொண்டால், அதைக் கொடுத்தவர் பிறகு எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம். இங்கே வரிசையும் முக்கியம். முதலில் நகல், அப்புறம் சரிபார்ப்பு. சரிபார்த்துவிட்டு நகல் எடுத்தால், இடைப்பட்ட நேரத்தில், அதே புரோகிராமில் கூடவே ஓடும் வேறொரு திரெட் அதை மாற்றிவிட இடம் இருக்கிறது.

மாற்ற முடியாத லிஸ்ட் என்று ஜாவாவின் கலெக்ஷன்ஸ் கிளாஸ் தருவது வெறும் பார்வைதான். அடியில் உள்ள மூல லிஸ்டை யாராவது மாற்றினால் அதுவும் மாறும். 2018-இல் ஜாவா 10 கொண்டுவந்த காப்பி-ஆஃப் உண்மையிலேயே தனி லிஸ்ட் தருகிறது. ஆனால் லிஸ்டுக்குள் இருக்கும் ஆப்ஜெக்டுகள் அப்போதும் பகிரப்பட்டவையே. ஃபைனல் என்று அறிவிப்பதும் ரெஃபரன்ஸை மட்டும்தான் பூட்டுகிறது, அது சுட்டும் ஆப்ஜெக்டை அல்ல. ஆகவே முடிந்தவரை சின்ன மதிப்புகளை மாறாத கிளாஸ்களாகவே எழுதிவிடுங்கள். பழைய டேட் கிளாஸ் மாறக்கூடியதாக இருந்ததால் எல்லா இடத்திலும் நகல் எடுக்க வேண்டியிருந்தது. 2014-இல் ஜாவா 8-உடன் வந்த புதிய தேதி கிளாஸ்கள் அந்தத் தொல்லையை ஒழித்தன.

ஹேஷ்மேப்பில் சாவியாக வைத்த ஆப்ஜெக்டை வெளியே இன்னொரு பெயர் வழியாக மாற்றவும் கூடாது. சாவியை எங்கே வைப்பது என்று மேப் முடிவு செய்யப் பயன்படும் எண்ணான அதன் ஹேஷ் மாறிவிட்டால், மேப்புக்குள் இருந்தும் தேடினால் கிடைக்காது.

இதையெல்லாம் பார்த்துப் பயந்து எங்கும் ஆழ்நகல் (உள்ளே உள்ள ஆப்ஜெக்டுகளையும் சேர்த்து நகல்) எடுப்பதை நான் தீர்வாகக் கருதவில்லை. நேரமும் நினைவகமும் போகும் என்பது ஒருபுறம். ஒரே வாடிக்கையாளரைச் சுட்ட வேண்டிய இரண்டு ஆர்டர்களைத் தனித்தனியே ஆழ்நகல் எடுத்தால், இரண்டு வாடிக்கையாளர்கள் உருவாகிவிடுவார்கள். ஒருவரின் முகவரியைத் திருத்தினால் மற்றவருக்குத் தெரியாது. அங்கே பகிர்தல்தான் சரி.

பலர் யோசிக்காத இன்னொன்று, ஒரு ஃபங்ஷனுக்கு வரும் இரண்டு ஆர்கியுமெண்டுகளும் ஒரே ஆப்ஜெக்டாக இருக்கலாம் என்பது. அணிப் பெருக்கலில் விடை எழுதும் அணியும் உள்ளீட்டு அணியும் ஒன்றே என்றால், இன்னும் படிக்க வேண்டிய எண்களின் மேலேயே விடை விழும். சி பிளஸ் பிளஸ்ஸில் அசைன்மென்ட் ஆபரேட்டர் எழுதும்போது தன் பழைய நினைவகத்தை முதலில் விடுவித்துவிட்டு, அப்புறம் வலப்பக்கத்திலிருந்து நகல் எடுத்தால், இரு பக்கமும் ஒன்றாக இருக்கும்போது நகல் எடுக்க எதுவுமே மிஞ்சாது. இப்படிப்பட்ட ஃபங்ஷன்களுக்கு, ஒரே ஆப்ஜெக்டை இரு பக்கமும் கொடுத்து ஒரு டெஸ்ட் கட்டாயம் எழுதுங்கள்.

சி பிளஸ் பிளஸ்ஸில் உயிர்க்காலமும், அதாவது ஆப்ஜெக்ட் நினைவகத்தில் எதுவரை இருக்கும் என்பதும், சேர்ந்துகொள்கிறது. வெக்டரின் (நீளக்கூடிய அரேயின்) ஓர் உறுப்புக்குப் பாயிண்டர், அதாவது அதன் நினைவக முகவரியை, வைத்துக்கொண்டு அதே வெக்டரில் புதிய உறுப்பைச் சேர்க்கிறீர்கள். கொள்ளளவு நிறைந்திருந்தால் வெக்டர் மொத்தமாக வேறு இடத்துக்குக் குடிபெயரும், உங்கள் பாயிண்டர் பழைய இடத்தையே சுட்டிக்கொண்டிருக்கும். சோதனையில் இது பல நாள் ஒழுங்காக ஓடுவதுபோலவும் தெரியும். பாயிண்டருக்குப் பதில் இண்டெக்ஸை வைத்துக்கொள்வது நல்லது.

யார் விடுவிப்பது என்பதை வெறும் பாயிண்டர் சொல்வதில்லை. 2011 தர வரையறையில் வந்த ஸ்மார்ட் பாயிண்டர்கள் இதை வெளிப்படையாக்குகின்றன. உரிமையாளர் ஒருவர்தான் என்றால் யுனிக் பாயிண்டர். வெறும் பாயிண்டர் என்றால் பார்க்க மட்டும். பலர் சேர்ந்து உரிமை கொண்டாடினால் ஷேர்டு பாயிண்டர். ஆனால் ஒரே வெறும் பாயிண்டரிலிருந்து இரண்டு ஷேர்டு பாயிண்டர்களைத் தனித்தனியே உருவாக்காதீர்கள். எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று இரண்டும் தனித்தனிக் கணக்கு வைத்து, ஒரே நினைவகத்தை இரண்டு முறை விடுவிக்கும். தாய் நோடும் சேய் நோடும் ஒன்றையொன்று ஷேர்டு பாயிண்டரால் பிடித்துக்கொண்டால் இதற்கு நேர்மாறு: கணக்கு பூஜ்யத்துக்கு இறங்காது, இரண்டுமே விடுதலையாகாது. சேயிலிருந்து தாய்க்குப் போகும் பிடியை, உரிமைக் கணக்கில் சேராத வீக் பாயிண்டராக வையுங்கள்.