ஒரே நோட்டில் மூன்று பேர் கணக்கு: கிளாஸ், லிஸ்ட் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

குன்னூரில் சாயங்காலம் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லித்தருகிறேன். போன மாதம் ஒரு மாணவி வீட்டுத் தேயிலைத் தோட்டத்தின் எடைக் கணக்கை நிரலாக எழுதிக்கொண்டு வந்தாள். கொழுந்து பறிக்க மூன்று பேர் வருவார்களாம். 'பறிப்பவர்' என்று ஒரு கிளாஸ், அதாவது ஓர் அச்சு; அந்த அச்சில் வார்த்தெடுத்த மாதிரி ஆளுக்கு ஓர் ஆப்ஜெக்ட்; அன்றன்றைய எடையை வரிசையாகப் போட ஒரு லிஸ்ட். ஓட்டிப் பார்த்தால், முதல் ஆளுக்குப் போட்ட 18 கிலோ மூன்று பேர் கணக்கிலும் ஏறி நிற்கிறது. "சார், கம்ப்யூட்டர் பொய் சொல்லுது" என்றாள்.

பாவம், அது சொன்னதைத்தான் செய்தது. காலி லிஸ்ட்டை அவள் கிளாஸுக்கு நேர் கீழே எழுதியிருந்தாள். அங்கே எழுதினால் கிளாஸுக்கே ஒரே ஒரு நோட்டு. மூன்று பேரும் அதில்தான் எழுதுவார்கள். ஆளுக்கொரு நோட்டு வேண்டுமென்றால், ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடுகிற இனிட் (__init__) என்ற பகுதிக்குள், அந்த ஆப்ஜெக்ட்டையே குறிக்கும் செல்ஃபோடு (self) சேர்த்து லிஸ்ட்டை உண்டாக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: லிஸ்ட்டுக்குப் பதில் அதே இடத்தில் 'மொத்தம் 0' என்று வைத்து, செல்ஃப் வழியாக எடையைக் கூட்டியிருந்தால் விடை சரியாகவே வந்திருக்கும். எண்ணைக் கூட்டும்போது அந்த ஆப்ஜெக்ட்டுக்கென்று புது மதிப்பு பதிவாகிவிடுகிறது. லிஸ்ட்டில் சேர்க்கும்போது பழைய லிஸ்ட்டே நீள்கிறது. ஒருமுறை சரியாக வந்ததை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அவளைக் காகிதத்தில் மூன்று கட்டம் போட்டு அம்புக்குறி வரையச் சொன்னேன். மூன்று அம்பும் ஒரே நோட்டில் போய் முட்டியதும் அவளே சிரித்துவிட்டாள்.

அடுத்தது இன்ஹெரிட்டன்ஸ் மோகம், அதாவது ஒரு கிளாஸை இன்னொரு கிளாஸின் வாரிசாக எழுதும் ஆசை. புதிதாகக் கற்றதும் எதைப் பார்த்தாலும் அப்பா-பிள்ளை உறவாகத் தோன்றும். நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. கல்லாறு தாண்டினால் பல்சக்கரத் தண்டவாளம். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள், ஊட்டி வரை அதுதான். 'ரயில்' என்பதை 'நீராவி எஞ்சின்' கிளாஸின் வாரிசாக எழுதியிருந்தால் உங்கள் ரயில் குன்னூரோடு நின்றுவிடும். ரயில் ஒருவகை எஞ்சின் அல்ல, ரயிலுக்கு எஞ்சின் இருக்கிறது. எஞ்சினை ரயில் கிளாஸின் உள்ளே ஒரு மாறியாக, அதாவது மதிப்பை மாற்றக்கூடிய பெயராக, வைத்தால் எந்த ஸ்டேஷனிலும் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் வரிசை. ஃபேக்டரி வாசலில் கொழுந்து லாரிகள் நிற்பதுபோல முதலில் வந்தது முதலில் போக வேண்டுமென்றால், லிஸ்ட்டின் தலையிலிருந்து எடுக்காதீர்கள். ஒன்று போனால் மிச்சம் அத்தனையும் ஓரிடம் முன்னே நகர வேண்டும். அதற்கென்றே பைத்தானோடு வரும் காலெக்ஷன்ஸ் என்ற தொகுப்பில் டெக் (deque) என்ற வரிசை இருக்கிறது. பெயரைச் சொல்லித் தேடுவதற்கு டிக்ஷனரி. ஆனால் மூன்று பேர் கணக்குக்கு எதை வைத்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அங்கே வேகக் கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.