பேஸ் இல்லையா, டிப் பொருந்தவில்லையா? மலிவு விலை இயர்போன்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிருதங்கத்தின் இடப்பக்கத்தைத் தொப்பி என்றும் வலப்பக்கத்தை வலந்தலை என்றும் சொல்வார்கள். காதுக்குள் செருகும் ஒரு புதிய இயர்போனில் தனி ஆவர்த்தனம் கேட்கும்போது, வலந்தலையின் சொற்கள் மட்டும் பளிச்சென்று விழுந்து தொப்பியின் கும்கி காணாமல் போனால், "இதில் பேஸே (தாழ்ந்த ஒலியே) இல்லை" என்று நாம் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு பல வேளைகளில் இயர்போனுக்கு உரியதே அல்ல. அதன் முனையில் மாட்டியிருக்கும் சின்னஞ்சிறு சிலிக்கோன் டிப்புக்கு உரியது. நானும் ஒரு முறை இப்படித்தான், பேஸ் இல்லை என்று முடிவுகட்டி ஓர் இயர்போனை அக்காள் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் பெட்டியில் கிடந்த பெரிய டிப்பை மாட்டிக் கேட்டுவிட்டு, "மாமா, இதையா வேண்டாம் என்றீர்கள்?" என்று கேட்டான்.

காரணம் எளிது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு தள்ளினால் காற்று எதிர்த்து நிற்கிறது. விரல் இம்மியளவு விலகினாலும் அழுத்தம் வெளியேறிவிடுகிறது. டிப்புக்கும் செவிப்பறைக்கும் இடையே அடைபட்டிருக்கும் மிகச் சிறிய காற்றறையை அழுத்தியும் தளர்த்தியும்தான் இயர்போனுக்குள் ஒலியை எழுப்பும் டிரைவர் தாழ்ந்த ஒலிகளை உண்டாக்குகிறது. அந்த அறையில் கசிவு ஏற்பட்டால் முதலில் வெளியேறுவது தாழ் ஒலிதான். பாடுபவரின் குரலும் ஜால்ராவின் ஒலியும் ஏறத்தாழ அப்படியே நிற்கும். ஆகவே கேட்பவருக்கு 'ஏதோ உடைந்திருக்கிறது' என்று தோன்றுவதில்லை, 'இந்த இயர்போன் மெலிதாக ஒலிக்கிறது' என்றே தோன்றுகிறது. தவறு கண்ணில் படாமல் போவதற்கு இதுவே காரணம்.

முதல் தவறு, பெட்டியிலிருந்து வந்தபடியே கேட்டுவிட்டு ஒப்பிடுவது. பெரும்பாலான இயர்போன்கள் நடுத்தர அளவு டிப் மாட்டப்பட்டுத்தான் வருகின்றன. அந்த அளவு உங்கள் காதுக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒருவருடைய இரண்டு காதுகளுமே ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், இடக்காதுக்கு நடுத்தரமும் வலக்காதுக்குப் பெரியதும் தேவைப்படுவது மிக இயல்பானது. கசிவு இருக்கிறதா என்று அறிய 30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரு தாழ்ந்த ஒலியைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டு, இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் ஒலி சட்டென்று கூடினால், அதுவரை கசிந்துகொண்டிருந்தது என்று பொருள். அடுத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். தாடை மூட்டு செவிக்குழாயை ஒட்டியே இருப்பதால், தாடை அசையும்போது குழாயின் வடிவமும் சற்று மாறுகிறது; பாட்டோடு சேர்ந்து முணுமுணுக்கும்போது பேஸ் வந்து வந்து போகிறது என்றால் டிப்பின் அளவை மாற்ற வேண்டும்.

செருகும் முறையும் இதில் சேரும். செவிக்குழாய் நேரான குழாய் அன்று. ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளத்தில் லேசாக வளைந்து செல்வது. மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் அந்த வளைவு ஓரளவு நேராகும். அந்த நிலையில் செருக வேண்டும். அமுக்கினால் சுருங்கி மெல்ல விரியும் ஃபோம் டிப்பாக இருந்தால் விரல்களுக்கு இடையே உருட்டி நன்றாகச் சுருக்கி, உள்ளே வைத்த பிறகு அது விரிந்து முடியும் வரை விரலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். சுருக்காமலேயே திணித்துவிட்டு "ஃபோம் டிப் எனக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்பவர்கள் பலர்.

இரண்டாவது தவறு இதைவிட நுட்பமானது. நன்கு விவரம் தெரிந்தவர்களும் இதில் விழுகிறார்கள். ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும் என்று, ஒரே டிப்பைக் கழற்றிக் கழற்றி இரண்டு இயர்போன்களிலும் மாட்டிக் கேட்பார்கள். கேட்பதற்கு அறிவியல் முறை போலத் தோன்றினாலும், ஒவ்வோர் இயர்போனிலும் டிப் மாட்டப்படும் குழல்முனை நீளத்திலும் தடிமனிலும் சாய்வுக் கோணத்திலும் வேறுபடுவதால், ஒரே டிப் ஒன்றில் நன்றாக அடைத்துக்கொண்டும் மற்றொன்றில் கசிந்துகொண்டும் இருக்கக்கூடும். 2019இல் வந்த ப்ளான் பிஎல்-03 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் ஒலியைப் பாராட்டியவர்களே அதன் குழல்முனை மிகக் குட்டையானது, உடன்வரும் டிப்புகளோடு காதில் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று குறைபட்டுக்கொண்டார்கள். நீளமான டிப் மாட்டிய பிறகே அது பலருக்கு வசப்பட்டது. 2022இல் வந்த ட்ரூதியர் ஜீரோவின் சிக்கல் நேர்மாறானது. அதன் குழல்முனை சராசரியை விடத் தடிமனானது என்பதால், சிறிய செவிக்குழாய் உள்ளவர்களுக்கு வழக்கமான டிப்பே அதன்மேல் விரிந்து இறுக்கமாகிவிடும். இவ்விரண்டையும் ஒரே டிப்பால் ஒப்பிடுவது, ஒரே செருப்பை இரண்டு பேருக்கு மாட்டிவிட்டு யார் நன்றாக நடக்கிறார் என்று பார்ப்பதைப் போன்றது. ஒவ்வொன்றுக்கும் உங்கள் காதில் முழுமையாக அடைத்து நிற்கும் டிப் எது என்று தனித்தனியே கண்டறிந்து, கூடுமானவரை ஒரே ஆழத்தில் செருகிய பிறகே ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும்.

ஆழம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. காதை அடைத்தவுடன், டிப்பின் வாய்க்கும் செவிப்பறைக்கும் இடையிலான காற்றுத்தம்பம் தனக்கென ஓர் ஒத்ததிர்வைக் கொண்டுவிடுகிறது; அதாவது, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும் முகடு ஒன்று உண்டாகிறது. வழக்கமான ஆழத்தில் அது ஏறத்தாழ 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி அமையும். இயர்போனை இன்னும் உள்ளே தள்ளினால் தம்பம் குறுகி அந்த முகடு மேலே ஏறும். வெளியே இழுத்தால் கீழே இறங்கும். 'ஸ', 'ஷ' போன்ற உரசொலிகளின் கூர்மை இந்தப் பகுதியைச் சார்ந்திருப்பதால், டிப் ஓரிரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலே பாடகரின் 'ஸ' காதைக் குத்தத் தொடங்கிவிடும். ஆழமாகச் செருகும் வடிவமைப்பை 1991இலேயே ஈஆர்-4 வழியாகக் கொண்டுவந்த எட்டிமோட்டிக் நிறுவனத்தின் மூன்றடுக்கு டிப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. அவ்வளவு ஆழம் எல்லோருக்கும் வசதியாக இருக்காது என்பதும் உண்மை.

டிப்பின் உள்துளையும் பொருளும் அடுத்தவை. பொதுவாக அகலமான துளை உடைய டிப் டிரெபிளை, அதாவது உயர்ந்த ஒலிகளை, திறந்துவிடும். குறுகிய துளை அதைச் சற்று அடக்கி, அதனாலேயே பேஸ் கூடியதைப் போன்ற உணர்வைத் தரும். ஃபோம் டிப் உயர் அதிர்வெண்களில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்வதால் ஒலி மென்மையாகும். இங்கே நிகழும் தவறு, இவற்றை மருந்துச் சீட்டு போல நம்புவது: "கூர்மையாக இருந்தால் ஃபோம், மந்தமாக இருந்தால் அகலத்துளை" என்ற வாய்பாட்டை நம்பி, அடைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்காமலேயே டிப்புகளை வாங்கிக் குவிப்பவர்கள் உண்டு. துளையின் விளைவு சிறியது, கசிவின் விளைவு மிகப் பெரியது; பெரியதைச் சரிசெய்யாமல் சிறியதோடு விளையாடுவதில் பயனில்லை. ஏறத்தாழ 20 டாலர் விலையில் வந்த இயர்போனுக்கு அதே விலையில் டிப் வாங்குவது என் பார்வையில் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் பழுதாகிக் கிடக்கும் பழைய இயர்போன்களின் டிப்புகளை எல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். அவற்றில் ஒன்று பொருந்திவிடுவது அபூர்வம் அல்ல.

மூன்றாவது தவறு, ஒலியளவைச் சமன் செய்யாமல் கேட்பது. இரண்டு இயர்போன்களில் சற்று உரக்க ஒலிப்பதே மேலானது என்று மனம் முடிவு செய்துவிடும். அந்த வேறுபாடு ஒன்றிரண்டு டெசிபல் மட்டுமே இருந்தாலும் 'உரக்க' என்று உணராமல் 'தெளிவு', 'உயிர்ப்பு' என்று உணர்கிறோம். தாழ்ந்த ஒலியளவில் நம் காது பேஸைக் குறைவாகவே உணரும் என்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. போனில் ஒலியளவுக் கோட்டை ஒரே இடத்தில் வைத்தால் போதும் என்று நினைப்பது தவறு, ஏனெனில் இயர்போன்களின் உணர்திறன், அதாவது கிடைக்கும் மின்சாரத்துக்கு அவை எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது, வேறுபடும். பெட்டியில் அச்சிட்ட எண்ணை ஒப்பிடுவதும் உதவாது. ஒரு நிறுவனம் அதை ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும், மற்றொன்று ஒரு வோல்ட்டுக்கு இத்தனை என்றும் தரும். 32 ஓம் மின்தடை உள்ள ஓர் இயர்போனுக்கு இவ்விரண்டு கணக்குகளுக்கும் இடையே சுமார் 15 டெசிபல் வித்தியாசம் வருகிறது. 105 என்று போட்டதும் 120 என்று போட்டதும் ஒரே உரப்பில் ஒலிக்கலாம். எனவே ஒரே குரலை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டு, குரல் ஒரே தூரத்திலிருந்து வருவதாகத் தோன்றும் வரை ஒலியளவைத் திருத்திக்கொள்வதே நடைமுறை வழி. போனில் டால்பி, ஈக்வலைசர் போன்றவை இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

வரைபடங்களை நம்பி வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். எந்த அதிர்வெண்ணில் இயர்போன் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று காட்டும் அதிர்வெண் வரைபடம் மிகப் பயனுள்ளது. ஆனால் அது கசிவே இல்லாத ஓர் உலோகச் செயற்கைக் காதில், அளந்தவர் தேர்ந்த டிப்போடு, அவர் செருகிய ஆழத்தில் எடுத்தது. 711 என்று பேச்சுவழக்கில் குறிப்பிடப்படும் அத்தகைய செயற்கைக் காதுக் கருவியில் 8,000 ஹெர்ட்ஸை ஒட்டித் தெரியும் முகடு பெரும்பாலும் நான் மேலே சொன்ன ஒத்ததிர்வுதான், இயர்போனின் குறை அன்று. அதற்கு மேலே வரும் வளைவுகளை உங்கள் காதுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. வெவ்வேறு கருவிகளில் எடுத்த இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதும் அவ்வாறே. மூன்டிராப் சூ 2, செவன்ஹெர்ட்ஸ் ஜீரோ 2 என்று 2023இல் வந்த, விலையில் நெருங்கிய இரண்டு ஒற்றை டிரைவர் இயர்போன்களின் பேஸ் கோடுகளுக்கு இடையே வரைபடத்தில் தெரியும் வேறுபாட்டை, காதில் பொருந்தாத ஒரு டிப் ஒரே நொடியில் விழுங்கிவிடும்.

நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி பழுக்கும் என்ற நம்பிக்கையை நான் நீட்டி விவாதிக்கப் போவதில்லை. அந்த நூறு மணி நேரத்தில் உங்கள் செவி அந்த ஒலிக்குப் பழகுகிறது, கை சரியாகச் செருகப் பழகுகிறது. மாற்றத்துக்குக் காரணம் தேடுவோர் இவ்விரண்டையும் முதலில் கணக்கில் கொள்ளலாம்.

பொருந்தாத டிப்பால் வரும் கேடு ஒலியோடு நிற்பதில்லை. கசியும் டிப் வெளி இரைச்சலையும் உள்ளே விடும். பேருந்தில் அந்த இரைச்சலை வெல்ல ஒலியளவைக் கூட்டுவோம், காணாமல் போன பேஸைத் தேடி இன்னும் கூட்டுவோம். குரலும் டிரெபிளும் காதைத் தாக்கும் அளவுக்குப் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது என்று சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் அளவில் கேட்பது. நன்றாக அடைக்கும் டிப் இந்த எல்லைக்குள் நிற்க உதவும்.

கடைசியாக, ஒரு பக்கம் மட்டும் மெலிதாகக் கேட்டால் உடனே இயர்போனைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். இட, வலத் துண்டுகளை மாற்றி மறுகாதில் வைத்துக் கேளுங்கள். மெலிவு துண்டோடு சேர்ந்து மறுகாதுக்கு வந்தால், குழல்முனையின் வலையைக் காதுக் குறும்பி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து மென்மையான உலர்ந்த தூரிகையால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும். மெலிவு அதே காதிலேயே நின்றால், அந்தக் காதுக்கு வேறு அளவு டிப்பை மாட்டிப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் காது மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.